கடைசி வரியில் போட்ட சிவப்புக் கோடு

சென்ற வாரம் கடற்கரைச் சாலையில் காலை நடை முடித்து, காந்தி சிலைக்கு எதிரே உட்கார்ந்திருந்தோம். என்னோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர், சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"சார், பேரன் கம்ப்யூட்டர் கேக்கறான். கேம் ஆடறதுக்காம். லிஸ்ட் எழுதிக் குடுத்திருக்கான். ஒண்ணே முக்கால் லட்சம் வருது. எதை வெட்டலாம்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

எதை வெட்டலாம்! முப்பத்தைந்து வருடம் கொட்டேஷன்களோடு குடும்பம் நடத்தியவனிடம் வேறு என்ன கேட்பார்கள்? மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழே படித்தேன். பிராசசர், மதர்போர்டு, கிராஃபிக்ஸ் கார்டு, மெமரி, கேபினெட், கீபோர்டு. கடைசி வரியில் எஸ்எம்பிஎஸ். அதற்கு எதிரே பத்தாயிரத்துச் சொச்சம். அந்த வரியைச் சுற்றி நண்பர் ஏற்கெனவே பேனாவால் ஒரு வட்டம் போட்டு வைத்திருந்தார்.

"வேற எதை வேணும்னாலும் வெட்டுங்க சார், இதை மட்டும் வெட்டாதீங்க" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அலுவலகத்தில் குண்டூசி டப்பாவுக்குக்கூட மூன்று கொட்டேஷன் கேட்ட ஆளா இப்படிப் பேசுவது என்று நினைத்திருப்பார். அவருக்குத் தெரியாது, பத்து வருடங்களுக்கு முன் இதே கடைசி வரியில் நானும் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டவன்தான். அந்தக் கோட்டுக்கு என்ன விலை கொடுத்தோம் என்பதைத்தான் இன்று எழுதுகிறேன். பேரப்பிள்ளைகள் இப்படிப் பட்டியல் நீட்டும் வயதில் நாம் எல்லோரும் இருப்பதால், படித்து வைத்தால் உதவும்.

முதலில் எஸ்எம்பிஎஸ் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் பெட்டிக்குள் ஒரு மூலையில் விசிறியோடு உட்கார்ந்திருக்கும் தகரப் பெட்டி அது. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் ஏசி மின்சாரத்தை வாங்கி, 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று டிசியாக மாற்றி மற்ற உறுப்புகளுக்கெல்லாம் பங்கிட்டுக் கொடுப்பதுதான் அதன் வேலை. அது படம் காட்டாது, பாட்டுப் பாடாது. அதனால்தான் எல்லோருடைய பட்டியலிலும் அதற்குக் கடைசி வரி.

நான் படித்தது பிரெஞ்சு மீடியம். பிரெஞ்சில் இந்தப் பெட்டிக்கு 'அலிமான்த்தாசியோன்' என்று பெயர். ஊட்டுவது, உணவு கொடுப்பது என்று பொருள். சாப்பாட்டுக்கும் அதே சொல்தான். மதர்போர்டுக்கும் அங்கே 'தாய் அட்டை' என்றுதான் பெயர். தாய்க்குச் சோறு போடுகிற பெட்டி என்று யாராவது அன்றைக்கு எனக்குச் சொல்லியிருந்தால், கோடு போடுவதற்கு முன் ஒரு நிமிடம் யோசித்திருப்பேன்.

என் மகள் வயிற்றுப் பேரன் அப்போது எங்கள் வீட்டில் தங்கி எஞ்சினியரிங் படித்துக்கொண்டிருந்தான். பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்து இரண்டு வருடம் பணம் சேர்த்தான். 2015 பொங்கல் கழிந்ததும் ஒரு பட்டியலைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தான். காசு அவனுடையது, என்னிடம் கேட்டது "கணக்கு சரியா இருக்கான்னு பாருங்க தாத்தா" என்பது மட்டும்தான்.

அதில் என்விடியா கம்பெனியின் ஜிடிஎக்ஸ் 970 கிராஃபிக்ஸ் கார்டு இரண்டு இருந்தது. எதற்கடா இரண்டு என்றேன். ஒரு படத்தை இரண்டு கார்டும் பங்குபோட்டு வரையும், அதற்கு எஸ்எல்ஐ என்று பெயர் என்றான். பிராசசர் இன்டெல் கோர் ஐ7, 4790கே. அந்த 'கே' எழுத்து இருந்தால் கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் நாமே முடுக்கிக்கொள்ளலாமாம். ஓவர்கிளாக் என்கிறார்கள். கார்டுகளையும் அப்படியே முடுக்கப் போவதாகச் சொன்னான். கடைசி வரியில் 750 வாட் எஸ்எம்பிஎஸ், 8,400 ரூபாய்.

"ஒரு தகரப் பெட்டிக்கு எட்டாயிரத்து நானூறா?" என்று கேட்டுச் சிவப்புப் பென்சிலை எடுத்தேன். நேரு வீதிப் பக்கம் நாலு கடை ஏறி இறங்கி விசாரித்ததில், ஒரு கடையில் 650 வாட் பெட்டி 1,800 ரூபாய்க்குக் கிடைத்தது. "நூறு வாட்தானே குறைவு? ஆறாயிரத்து அறுநூறு மிச்சம்" என்றேன். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு "சரி தாத்தா" என்றுவிட்டான். பெரியவர் சொன்னால் கேட்க வேண்டும் என்று வளர்ந்த பிள்ளை. அன்றைக்கு அவன் கேட்காமல் இருந்திருக்கலாம்.

நாலு மாதம் ஓடியது. மே மாதம் ஒரு ராத்திரி பதினொரு மணி இருக்கும். மாடி அறையில் படாரென்று ஒரு சத்தம். வீடு முழுக்க இருட்டு. டார்ச் லைட்டோடு ஏறிப் போனால், அறையில் புகையும் கருகிய நாற்றமும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்தோம். பக்கத்திலேயே பருத்தித் திரை தொங்கிக்கொண்டிருந்தது. அது பற்றிக்கொண்டிருந்தால் இந்தக் கட்டுரையின் முடிவு வேறு மாதிரி இருந்திருக்கும்.

மறுநாள் ரிப்பேர்க்காரர் பெட்டியைப் பிரித்தார். எஸ்எம்பிஎஸ் உள்ளே கெப்பாசிட்டர்கள் உப்பி வெடித்திருந்தன. அது தான் மட்டும் சாகவில்லை. மதர்போர்டையும் ஒரு கிராஃபிக்ஸ் கார்டையும் கூட அழைத்துக்கொண்டு போயிருந்தது. 6,600 மிச்சம் பிடித்த இடத்தில் நாற்பதாயிரத்துக்கு மேல் நஷ்டம். இரண்டு வருட டியூஷன் காசில் பெரும்பகுதி. பேரன் ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை. "விடுங்க தாத்தா, மே மாச வெயில்" என்றான். திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

செத்த பெட்டியை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். அதன் பக்கவாட்டில் ஒரு சின்ன ஸ்டிக்கர். பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். அட்டையில் கொட்டை எழுத்தில் 650 வாட். ஸ்டிக்கரில் பொடி எழுத்தில் 12 வோல்ட்டுக்கு நேரே 30 ஆம்பியர். ஆங்கில மீடியத்தில் படித்தவர்கள் வோல்ட்டேஜை 'வி' என்று எழுதுவார்கள். எங்கள் பிரெஞ்சு வாத்தியார் 'யூ' என்று எழுதச் சொல்வார். எந்த எழுத்தில் எழுதினாலும் பெருக்கல் ஒன்றுதான். பன்னிரண்டை முப்பதால் பெருக்கினால் 360 வாட். பிராசசரும் கிராஃபிக்ஸ் கார்டுகளும் தின்பது அநேகமாக முழுதும் 12 வோல்ட்டில்தான். மீதி வாட்டெல்லாம் 5, 3.3 வோல்ட் பக்கம் கணக்குக் காட்டி எழுதியது. அங்கே அதைக் கேட்பார் யாருமில்லை. எத்தனை பில்களில் இந்த மாதிரிக் கணக்கைக் கண்டுபிடித்து ஆட்சேபணை எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்! என் வீட்டுக்குள் வந்த பில்லைப் படிக்கவில்லை.

அந்த கம்ப்யூட்டருக்கு உண்மையில் எவ்வளவு தேவை? அப்புறம் பேரனோடு உட்கார்ந்து போட்ட கணக்கை அப்படியே தருகிறேன்.

பிராசசருக்குக் கம்பெனி சொல்லும் அளவு 88 வாட். ஓவர்கிளாக் செய்யும்போது வேகத்தை மட்டும் கூட்ட முடியாது, வோல்ட்டேஜையும் கொஞ்சம் ஏற்ற வேண்டும். மின்செலவு வேகத்தின் விகிதத்தில் ஏறும். வோல்ட்டேஜின் வர்க்கத்தின் விகிதத்திலும் ஏறும். வேகம் பத்து சதவீதம், வோல்ட்டேஜ் பத்து சதவீதம் கூட்டினால், மின்செலவு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். ஆக 88 என்பது 117. நாங்கள் 130 என்று வைத்துக்கொண்டோம். கிராஃபிக்ஸ் கார்டு ஒவ்வொன்றும் 145 வாட் என்பது கம்பெனிக் கணக்கு. முடுக்கிவிட்டால் 200 என்று வைத்து, இரண்டுக்கும் 400. மதர்போர்டு, மெமரி, டிஸ்க், விசிறிகளுக்கு 70. கூட்டினால் 600. எந்த இயந்திரத்தையும் எப்போதும் முழு மூச்சில் ஓடவிடக் கூடாது, எண்பது சதவீதத்தில் நிறுத்த வேண்டும் என்று கணக்கிட்டால் 750 வாட். பையன் பட்டியலில் எழுதியிருந்ததும் அதே 750தான். அவன் கணக்குப் போட்டுத்தான் எழுதியிருக்கிறான். நான்தான் கணக்கைப் பார்க்காமல் விலையை மட்டும் பார்த்தேன்.

இன்னொரு எச்சரிக்கையும் கண்ணெதிரே இருந்தது. அந்தக் கார்டு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மின் இணைப்பு. ஆக நாலு வேண்டும். மலிவுப் பெட்டியில் இருந்தது இரண்டே இரண்டு. டிஸ்க்குக்கு என்று இருந்த பழைய மாதிரி வயர்களில் கன்வர்ட்டர் மாட்டி மீதி இரண்டை ஒப்பேற்றினார் கடைக்காரர். நண்பர்களே, இதை மனதில் வையுங்கள். ஒரு பெட்டிக்கு எத்தனை கார்டைத் தாங்க முடியும் என்பதை அதைச் செய்தவனே அதில் வைத்த இணைப்புகளின் எண்ணிக்கையால் சொல்லிவிடுகிறான். கன்வர்ட்டர் மாட்டினால்தான் வேலை நடக்கும் என்றால், அது உங்களுக்கான பெட்டி அல்ல.

சரி, எப்படித் தேர்வு செய்வது? என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன்.

முதலில் ஸ்டிக்கரைப் படியுங்கள். 12 வோல்ட்டுக்கு மொத்தம் எத்தனை ஆம்பியர் என்று பார்த்துப் பன்னிரண்டால் பெருக்குங்கள். வருகிற எண் அட்டையில் போட்ட வாட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் யோக்கியமான பெட்டி. நல்ல 750 வாட் பெட்டியில் 62 ஆம்பியர் போட்டிருக்கும், பெருக்கினால் 744. பாதிதான் வருகிறது என்றால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது '80 பிளஸ்' முத்திரை. வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று போகும். சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவை வீணாக்காமல் உள்ளே கொடுக்கிறது என்பதற்கான சான்று அது. பாதிச் சுமையில் வெண்கலத்துக்கு 85 சதவீதம், தங்கத்துக்கு 90 சதவீதம் என்பது அதன் அடிப்படை அளவு. கரண்ட் பில் மிச்சமாகும் என்று சொல்லித் தங்கத்தை விற்பார்கள். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 375 வாட் சுமையில் இரண்டுக்கும் வித்தியாசம் 24 வாட்தான். தினம் நாலு மணி நேரம் ஆடினால் மாதத்துக்கு மூன்று யூனிட்கூட இல்லை. ஆகவே கரண்ட் பில்லுக்காகத் தங்கம் வாங்காதீர்கள். வீணாகிற மின்சாரம் பெட்டிக்குள் சூடாக மாறுகிறது. சூடு குறைந்தால் ஆயுசு கூடும். வாங்குவதானால் அதற்காக வாங்குங்கள்.

அதிலும் ஒரு சங்கதி. அந்த முத்திரைக்கான சோதனை நடப்பது 23 டிகிரி வெப்பத்தில். நம் ஊரில் மே மாதம் மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையில் 23 டிகிரி எங்கே கிடைக்கும்? கெப்பாசிட்டர்கள் விஷயத்தில் பொதுவாகச் சொல்லும் கணக்கு, பத்து டிகிரி சூடு ஏறினால் ஆயுசு பாதி. அதனால் 105 டிகிரி தாங்கும் கெப்பாசிட்டர் போட்டதா என்று கேளுங்கள். மலிவுப் பெட்டிகளில் 85 டிகிரி சரக்குதான் இருக்கும். கடல் காற்றின் உப்பும் தூசியும் நம் ஊரில் கூடுதல் எதிரிகள். வருடம் இரண்டு முறையாவது பெட்டியைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

முத்திரை சொல்லாத ஒன்று இருக்கிறது, அது பாதுகாப்பு. வோல்ட்டேஜ் எகிறினால், சுமை மீறினால், ஷார்ட் ஆனால், சூடு எல்லை தாண்டினால் பெட்டி தானே அணைந்துகொள்ள வேண்டும். நல்ல பெட்டி சாகும்போதுகூடத் தனியாகச் சாகும். மதர்போர்டைக் கூட இழுத்துக்கொண்டு போகாது. நாம் கூடுதலாகக் கொடுக்கும் ஆறாயிரம், ஏழாயிரம் இதற்குத்தான். இந்தப் பாதுகாப்புகள் உண்மையிலேயே வேலை செய்கின்றனவா என்று பிரித்துப் பார்த்து, கருவி வைத்துச் சோதித்து எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். பேரனைத் தேடிப் படிக்கச் சொல்லுங்கள். கம்பெனிப் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். சீசோனிக் போலத் தாங்களே செய்து விற்பவர்கள் உண்டு. கோர்செயர் போல வெவ்வேறு தொழிற்சாலைகளில் செய்ய வைத்துத் தங்கள் பெயரில் விற்பவர்களும் உண்டு. அதனால் ஒரே பெயரில் வரும் மாடல்களுக்குள்ளேயே தரம் மாறும். வாரன்ட்டி எத்தனை வருடம் என்று பாருங்கள். பத்து வருடம் எழுதிக் கொடுக்கிறவனுக்கும் ஒரு வருடத்தோடு நிறுத்திக்கொள்கிறவனுக்கும் தங்கள் சரக்கைப் பற்றித் தெரிந்திருக்கும் அல்லவா?

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஒருமுறை சூடு பட்டவர்கள் அடுத்த முறை 1,200 வாட், 1,500 வாட் என்று போய் நிற்பார்கள். கடைக்காரரும் "பெருசா இருந்தா நல்லதுதானே சார்" என்பார். 600 வாட் தேவைக்கு 1,500 வாட் வாங்குவது, நாலு பேர் வீட்டுக்குக் கல்யாண அண்டா வாங்குவது போல. அந்தப் பணத்தில் 750 வாட்டிலேயே உயர்ந்த தரம் வாங்கலாம்.

நம் வீட்டுச் சுவரையும் பார்க்க வேண்டும். 700 வாட் என்பது 230 வோல்ட்டில் மூன்று ஆம்பியர்தான். ஏசிக்குப் போடும் பெரிய பாயின்ட் தேவையில்லை. ஆனால் எர்த் வேண்டும். எங்கள் பழைய வீட்டில் பிளக்கின் மூன்றாவது ஓட்டை வெறும் அலங்காரமாகத்தான் இருந்தது. பின்னால் வயரே கிடையாது. அந்த மே மாதத்துக்குப் பிறகுதான் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் போட்டேன். பழைய 600 விஏ யுபிஎஸ் ஒன்று கிடக்கிறதே, அதில் மாட்டலாமா என்று கேட்காதீர்கள். விஏ வேறு, வாட் வேறு. அது கொடுப்பது சுமார் 360 வாட்தான். மறுபடியும் அதே 360!

இரண்டு கார்டு போடும் வழக்கம் இப்போது அநேகமாக முடிந்துவிட்டது. 2021 ஜனவரியிலிருந்து எஸ்எல்ஐக்குப் புதிய டிரைவர் ஏற்பாடுகள் செய்வதை என்விடியாவே நிறுத்திவிட்டது. ஆனால் தொல்லை தீரவில்லை. 2022-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090 ஒரே கார்டு 450 வாட். 2025-இல் வந்த 5090, 575 வாட். பேரன் வைத்திருந்த இரண்டும் சேர்ந்து கம்பெனிக் கணக்கில் 290தான்.

கடைசியாக ஒன்று சொல்லி முடிக்கிறேன். குறைந்த விலைக்குக் கொடுப்பவனிடம்தான் வாங்க வேண்டும் என்ற அரசாங்க விதியை எல்லோரும் திட்டுவார்கள். நான் அதைத் திட்ட மாட்டேன். அந்த விதியின் முதல் பாதியை மறந்துவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் பிடித்துக்கொள்வதுதான் தவறு. முதலில் இன்ன பொருள், இன்ன தரம், இன்ன அளவு என்று தேவையை எழுத வேண்டும். அதற்குப் பொருந்தாத கொட்டேஷனை விலை பார்க்காமலேயே ஒதுக்க வேண்டும். மிஞ்சியவற்றில்தான் குறைந்த விலை. இதை அலுவலகத்தில் புதிதாக வந்த எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். சொந்தப் பேரன் தேவையை எழுதியே கொடுத்திருந்தான். அதன் மேல்தான் கோடு போட்டேன்.

அந்த ஜூன் மாதப் பென்ஷனில் 8,400 ரூபாய் பெட்டியை நானே வாங்கிக் கொடுத்தேன். வேண்டாம் என்றான், விடவில்லை. மதர்போர்டுக்கும் கொடுத்தேன். செத்த கார்டுக்கு மட்டும் வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டு, ஒரு வருடம் ஒற்றைக் கார்டிலேயே ஓட்டினான். இப்போது அவன் பெங்களூரில் வேலையில் இருக்கிறான். கம்ப்யூட்டரை இங்கேயே விட்டுப் போனான். அதில்தான் இந்தக் கட்டுரையைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். பத்து மே மாதங்களைப் பார்த்துவிட்டது அந்தத் தகரப் பெட்டி.

நண்பர் விஷயம்? கலர் கலராக விளக்கெரியும் கீபோர்டை வெட்டிவிட்டோம். பையனுக்குக் கொஞ்சம் வருத்தம்தானாம். இருட்டில் டைப் அடிக்க மாட்டானா என்ன, பழகிக்கொள்வான்.